ஊர்த் திடலில் நாகசுரம்

திருவிழா என்றால் நாகசுரமும் தவிலும் முழங்குதல் நம் கிராமங்களின் வழக்கம். இன்றோ பல ஊர்களில் ஒலிப்பதிவும் மின்சார முரசும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. எம் வட்டாரத்துத் தவில் கலைஞர் ஒருவரின் புதல்வர் இருவருமே வேறு தொழில் நாடிச் சென்றுவிட்டனர்.

மக்களுக்கு விருப்பமில்லை என்பதற்கில்லை. கச்சேரி இரவு 10 மணிக்குத் தொடங்கினால் குழந்தைகள் உறங்கிவிடுகின்றனர். முதியோர் வீடு திரும்புகின்றனர். கேட்டே பழகாத குழந்தை பின்னாளில் ரசிகனாவதும், கற்க முன்வருவதும் எங்ஙனம்?

ஆகவே, மாலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடியுமாறு, கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ கச்சேரி நடத்துங்கள். கட்டணம் வேண்டா. சிறுவர்க்கு முன்வரிசையில் பாய் விரியுங்கள். பலாமரத்தில் குடைந்த தவிலையும், ஆச்சாமரத்தில் கடைந்த நாகசுரத்தையும் அவர்கள் அருகிருந்து காணட்டும். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகசுரம் நம் நாட்டுக் கைவினை என்பதையும் அறியட்டும்.

செலவு பெரிதன்று. நாகசுரத்திற்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அவ்வாடகைத் தொகை சன்மானத்திற்கு உதவும். அதனை முன்கூட்டியே பேசி, அன்றே கொடுத்துவிடுதல் முறை.

அக்டோபர் 2 கிராம சபையில் இதனை எடுத்துரைத்து நாள் குறியுங்கள். கேட்கும் செவிகள் உள்ளவரையே கலை வாழும்.