பந்தயத்துக்கு முன் திடல் வேண்டும்

வார இறுதி இரவுகளில், துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்த உறுமல் பழகிப்போன ஒன்று. பிள்ளை வீடு திரும்பாத அம்மாவுக்கோ, அது தூக்கத்தைப் பறிக்கும் சத்தம். வானொலியில் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இரண்டு பக்கத்திலிருந்தும் அழைப்பு வரும். இளைஞர்கள் எந்த டயர் நல்லது என்று கேட்பார்கள். பெற்றோர்கள், "தம்பி, இவனை எப்படித்தான் அடக்குறது?" என்பார்கள்.

அடக்குவதை விட, ஆசைக்கு ஓர் இடம் கொடுப்பது மேல் என்பது என் கட்சி. அதற்குப் பொருத்தமான விளையாட்டு ஆட்டோகிராஸ். நம் நாட்டில் ஜிம்கானா என்று நடப்பதும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான்.

மைவி போதும்

பெரிய தார்த்திடல் ஒன்றில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைந்து நெளிந்த பாதை அமைப்பார்கள். கார்கள் ஒன்றோடு ஒன்று மோதிப் பந்தயம் போவதில்லை; ஒவ்வொருவரும் கடிகாரத்தோடுதான் போட்டி. ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். அமெரிக்காவில் இதை நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் விதிப்படி, ஒரு கூம்பைத் தட்டிவிட்டால் 2 வினாடி கூடும். வேகம் பெரும்பாலும் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டாது. வீட்டில் இருக்கும் மைவியும் ஒரு தலைக்கவசமும் போதும். பிரேக்கை எப்போது மிதிப்பது, கார் சறுக்கினால் எப்படி மீட்பது என்பதெல்லாம் இங்கே கூம்பு செலவில் கற்றுக்கொள்ளலாம். சாலையில் கற்றால் உயிர் செலவு.

இவ்வளவு எளிமையான விளையாட்டு ஏன் வளரத் திணறுகிறது? ஓட்ட ஆள் இருக்கிறது, கார் இருக்கிறது. இல்லாதது, நம்பி நாள் குறிக்க ஓர் இடம்.

சென்னை சொல்லும் பாடம்

1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கும் முதலில் சொந்த இடம் இல்லை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கேதான் பந்தயம் நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. ஆனாலும் அது இரவல் இடம். கிளப் அதோடு நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் தேடி, சொந்தமாக ஓடுபாதை அமைத்தது. 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1990இல் திறக்கப்பட்டது.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஸ்ரீபெரும்புதூரில்தான். அதிலேயே மேடை ஏறினார். 2005இல் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். திறமை அதற்கு முன்பும் தமிழ்நாட்டில் இருந்திருக்கும். அது வெளிப்பட ஒரு பாதை வேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் உலக ராலி உற்பத்திக் கார் பிரிவின் வெற்றியாளர் ஆனார். ஆனால் 1968இல் திறந்த ஷா ஆலாம் பத்து தீகா பந்தயப் பாதை 2003இல் இடிக்கப்பட்டது. செபாங் உலகத்தரம்தான். ஆனால் பினாங்கிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து வரும் இளைஞன் மாதாமாதம் போய்வரும் தூரமா அது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இடம் பெரிதாக இருந்தால் என்ன லாபம்? 60 கார்கள் வருகின்றன என்று வையுங்கள். திடல் சிறிது, ஒரு கார் முடித்து வெளியேறிய பிறகே அடுத்தது கிளம்ப வேண்டும். ஒரு காருக்கு 75 வினாடி என்றால், எல்லாரும் ஒரு முறை ஓட 75 நிமிடம். மூன்றரை மணி நேரத்தில் ஆளுக்கு 2 சுற்றுதான். திடல் பெரிதாக இருந்து, போதிய இடைவெளியில் இரண்டு கார்களை விட முடிந்தால், 40 வினாடிக்கு ஒன்று கிளம்பும். அதே நேரத்தில் ஆளுக்கு 5 சுற்று!

முதல் முறை வருபவர் இரண்டு சுற்றுக்காக அரை நாள் வெயிலில் காய்ந்தால், மறுமுறை வரமாட்டார். ஐந்து சுற்று ஓடி, ஒவ்வொன்றிலும் ஒரு வினாடி குறைத்தவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவார். கிளப் வளர்வது இப்படித்தான்.

எங்கே தேடுவது?

தீவுக்குள் நிலம் பொன் விலை. ஆனால் 2014இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு பத்து காவான் தூரமில்லை. அங்கே மாநில விளையாட்டரங்கு இருக்கிறது. அது போன்ற இடங்களின் வாகன நிறுத்துமிடங்களை, ஆட்டம் இல்லாத ஞாயிறுகளில் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும் முன் நடந்து பார்ப்பது அவசியம்: நடுவில் விளக்குக் கம்பம் உண்டா, மழை நீர் தேங்குமா, வீடுகள் எவ்வளவு பக்கம்?

நிர்வாகத்திடம் "பந்தயம்" என்று மட்டும் சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். பாதை வரைபடம், ஆம்புலன்ஸ் ஏற்பாடு, போட்டிக்கான காப்புறுதி, நேர அட்டவணை ஆகியவற்றோடு போக வேண்டும். சாதாரண கார் காப்புறுதி பெரும்பாலும் போட்டிகளுக்குச் செல்லாது என்பதை ஓட்டுபவர்களும் அறிந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து திடலைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்தால், அடுத்த முறை அனுமதி எளிது.

அன்றைய வேலையையும் பங்கு போட வேண்டும். ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு வெயிலில் நின்று சாய்ந்த கூம்பை நிமிர்த்தும். பிறகு இடம் மாறும். புதியவரின் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து வழிகாட்டலாம். குடும்பத்துக்கு நிழல், சாப்பாட்டுக் கடை, சுத்தமான கழிப்பறை இருந்தால் அம்மாவும் அக்காவும் வந்து பார்ப்பார்கள். அக்காவே ஓட்டவும் செய்யலாம். பெண்களுக்கென்று ஒரு பிரிவு வைத்தால் தயக்கம் குறையும்.

பெற்றோர்களே, மகன் டயரைப் பற்றிப் பேசினால் உடனே திட்டாதீர்கள். ஒரு ஞாயிறு காலை அவனோடு இப்படியொரு நிகழ்ச்சிக்குப் போய் வாருங்கள். ஊராட்சி மன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது, பூப்பந்து அரங்கு கேட்பது போல இதற்கும் ஒரு திடல் கேளுங்கள்.