சும்மா ஓர் உலா

மாலை வெயில் தணிந்ததும் துவிச்சக்கரவண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவது என் வழக்கம். நல்லூர்த் தேரடியைக் கடக்கும்போது தெரிந்தவர் ஒருவர் மறிப்பார்.

"எங்கை மாஸ்ரர் வெளிக்கிட்டியள்?"

"சும்மா, பண்ணை மட்டும் ஒருக்கால் போய்வர."

"சும்மாவோ?" என்று அவர் வியப்பார். அந்த வியப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

மலையில்லாத இச்சமதரை மண்ணிலே சைக்கிள் என்றும் மக்களின் இன்னொரு கால்தான். ஆயினும் 1990இல் புகைவண்டி நின்று, மின்சாரமும் அற்று, எரிபொருளும் தடைப்பட்ட பின்னர், அதுவே வாழ்வின் ஆதாரமாயிற்று. விறகு சென்றதும் அதன்மீதே. அரிசி வந்ததும் அதன்மீதே. நோயாளியை ஏற்றிச் சென்றதும் அதன்மீதே. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. வண்டியை நிறுத்திவைத்து மிதித்து, அதன் டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். கால் ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இரவில், மிதிப்பதற்கும் இடமின்றி, மூட்டைகளை ஏற்றிய வண்டியை உருட்டியே நடந்தோம்.

அந்த ஆண்டுகளில் காரணமின்றி மிதித்தவர் எவருமிலர். 2022இல் எரிபொருள் அருகியபோதும் ஊரைச் சைக்கிளில் ஏற்றியது தேவைதான்.

ஆதலால், தேவையேதுமின்றிப் போகும் இந்த ஒரு மணி நேரம் எனக்கு அரிய செல்வமாகத் தோன்றுகிறது. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, 1981இல் எரியுண்டு மீண்டெழுந்த பொதுசன நூலகத்தைப் பார்த்து, கோட்டை மதிலோரமாகப் பண்ணைக்கு வருவேன். மண்டைதீவு நோக்கிக் கடலூடே நீளும் அந்த வீதியில் சோளகம் எதிர்த்து வீசும். மூச்சு வாங்கும்; நெற்றி வியர்க்கும். உடற்பயிற்சி அங்கேதான். இருக்கை உடற்பாரத்தைத் தாங்குவதால் முழங்கால்கள் அதிகம் வருந்துவதில்லை. திரும்பும்போது அதே காற்று முதுகிலே கைவைத்து வீட்டுக்கு அனுப்பும். இன்பம் இங்கே.

மேனாடுகளில் சாய்ந்திருந்து மிதிக்கும் மூன்று சக்கரச் சைக்கிள்கள் உண்டு. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம் அவற்றில் குறைவு. இரு சக்கரத்தில் நிலைகொள்ளாத முதுமை வருமாயின், அப்படியொன்றிலே சாய்ந்தபடியேனும் பண்ணைக் காற்றைக் காண ஆசை.

தேரடி நண்பர் இன்றும் மறித்தார்.

"நாளைக்கும் சும்மாவோ, மாஸ்ரர்?"

"ஓம், நாளைக்கும் சும்மாதான். நீங்களும் வாருங்கோவன்!"

தம் வீட்டுத் தாழ்வாரத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய வண்டியை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.