சேவை செய்ய கம்போடியா போகணுமா? பக்கத்து தெருவுக்கு வாரம் 2 மணி நேரம் போதும்!

வெளிநாட்டுக்கு போய் ஏழை குழந்தைகளுக்கு சேவை செய்யணும் என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. இந்த ஆசையை வைத்தே, "2 வாரம் அனாதை இல்லத்தில் சேவை" என்று விளம்பரம் செய்து கட்டணம் வசூலிக்கும் ஏஜென்சிகளும் உலகம் முழுக்க இருக்கின்றன. பணம் கட்டும் முன்பு கம்போடியாவில் நடந்ததை தெரிந்து கொள்வது நல்லது.

பெற்றோர் இருந்தும் அனாதை

கம்போடியாவில் 2005-ல் இருந்து 2010-க்குள் அனாதை இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் எகிறியது. அனாதை குழந்தைகள் திடீரென்று பெருகி விட்டார்களா? இல்லை. அங்கிருந்த குழந்தைகளில் 4-ல் 3 பேருக்கு தாயோ, தந்தையோ உயிருடன் இருந்தது யூனிசெப் துணையுடன் நடந்த ஆய்வில் தெரிய வந்தது.

நல்ல படிப்பும், 3 வேளை சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி ஏழை பெற்றோர் அனுப்பி வைத்த பிள்ளைகள் அவர்கள். டூரிஸ்டுகளின் நன்கொடைக்காக சில இல்லங்களில் அவர்களை ஆட வைத்து, பாட வைத்து காட்டினார்கள்.

வருகிறவர்கள் 2 வாரம் கொஞ்சி விட்டு விமானம் ஏறி விடுவார்கள். பாசம் வைத்த பிள்ளைதான் ஏங்கிப்போகும். அனாதை இல்லத்துக்காக பிள்ளைகளை கடத்துவதும் நவீன அடிமைத்தனமே என்று ஆஸ்திரேலியா 2018-ல் ஏற்றுக்கொண்டது.

அப்படின்னா போகவே கூடாதா?

தாராளமாக போகலாம். ஆனால் நர்சு, டாக்டர், என்ஜினீயர் என்று கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும். 1971-ல் செயல்பட தொடங்கிய ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு விண்ணப்பத்துக்கு கட்டணம் வாங்குவது இல்லை. தேர்வாகி அங்கே போய் வேலை பார்ப்பவர்களுக்கு சாப்பாடு, வீட்டு வாடகைக்கு அதுவே பணம் கொடுக்கிறது. சேவை செய்ய வருபவரிடமே பெரிய தொகை கேட்டால் உஷாராக இருக்க வேண்டும்.

கேரளா காட்டும் வழி

சேவைக்கு பாஸ்போர்ட் வேண்டாம் என்று காட்டியது கேரளா. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர்கள் சிலர், புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினர். ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் வீட்டிலேயே கிடப்பவர்கள் அதிகம் என்பது சீக்கிரமே தெரிந்தது.

அதனால் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்து ஜனங்களையே சேர்த்தனர். 16 மணி நேரம் வகுப்பு, கொஞ்ச நாள் நேரடி பயிற்சி. பிறகு வாரம் 2 மணி நேரம் ஒதுக்கினால் போதும். நர்சுடன் வீட்டுக்கு போவது, படுக்கை புண் வராமல் பார்த்துக்கொள்ள சொல்லிக் கொடுப்பது, கஷ்டப்படும் குடும்பத்துக்கு அரிசி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று வேலை நடக்கிறது. 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனி கொள்கையே அறிவித்தது. வெளிநாட்டினரும் இதை பார்த்து கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

உடனே செய்ய முடிந்தது

பயிற்சி எதுவும் இல்லாமல் செய்யக்கூடியது ரத்த தானம். 18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்கு குறையாத எடை உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை. அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

அதற்கும் முடியாதவர்கள், தெருவில் படுத்த படுக்கையாக கிடக்கும் பெரியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே அதுவும் சேவைதான்.