நடுங்குகிற கையும் பத்து மீட்டர் தூரமும்

விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. இதற்கு நடுவில், 43 வயதில், எனக்கு ஏர் பிஸ்டல் ஆசை வந்தது. சொந்தத் துப்பாக்கி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்து சென்னைக்குப் போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி, ஒரு உள்ளரங்க ரேஞ்சில் சுடுவேன். ஆறு மாதம் ஆகியும் மார்க் ஏறவில்லை. 'நடுங்குற கைக்கு இது சரிப்படாது, விட்டுடலாம்' என்று முடிவே பண்ணிவிட்டேன். அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நடுக்கத்தின் கணக்கு

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து மார்க் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. கிட்டத்தட்ட ஒரு சட்டைப் பொத்தான். அதற்கு வெளியே ஒவ்வொரு வட்டமும் 8 மி.மீ. தள்ளி இருக்கும். குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; கோட்டைத் தொட்டாலே உள்வட்டத்து மார்க் கிடைத்துவிடும்.

துப்பாக்கியில் இரண்டு சைட். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு முனை. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 33 செ.மீ. கையை நீட்டிப் பிடித்தால் கண்ணுக்கும் முன் சைட்டுக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர்.

முழுக் கையும் ஆடி, ஆனால் இரண்டு சைட்டும் ஒரே நேராக இருந்தால், முனை 1 மி.மீ. நகர்வது இலக்கில் 10 மி.மீ. ஆகும். ஒன்பது மார்க் வரும். கை ஆடாமல், மணிக்கட்டு மட்டும் மடங்கி முனை அதே 1 மி.மீ. விலகினால், இலக்கில் 30 மி.மீ. குண்டு ஏழில் போய் விழும்.

அதாவது நான் பயந்த நடுக்கம் எனக்கு ஒரு மார்க்தான் செலவு வைத்தது. மற்றதெல்லாம் 'ஆங், இப்போ நடுவுல இருக்கு' என்று ட்ரிக்கரை வெடுக்கென்று இழுத்ததால் போனவை.

அர்ச்சுனன் சொன்னதற்கு நேர்மாறு

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: துரோணர் கேட்டபோது அர்ச்சுனன், குருவியின் கண் மட்டுமே தெரிகிறது என்றானாம். பிஸ்டலில் அப்படிப் பார்த்தால் கெட்டது. முன் சைட்டின் முனைதான் துல்லியமாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகவே இருக்கட்டும். கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும், 30 மி.மீ. தப்பு நடக்கிற இடத்தில் அதை வைக்க வேண்டும்.

என் பயிற்சி முறை

வீட்டில், தினம் 15 நிமிடம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கிட்டத்தட்ட பிஸ்டல் கனம். தோள் உயரத்துக்குத் தூக்கி 8 வினாடி நிறுத்தி இறக்குவது, அரை நிமிடம் ஓய்வு, இப்படி 20 தடவை. பிறகு ஸ்விட்ச் போர்டைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்று, கண்ணை மூடிக் கையை நீட்டுவேன். கண் திறந்தால் விரல் போர்டுக்கு இடது பக்கம் நிற்கிறதா? கையைத் திருப்பக் கூடாது, பின்காலை நகர்த்த வேண்டும். உடம்பு தானாக எங்கே காட்டுகிறதோ அங்கே இலக்கு இருக்கணும்.

ரேஞ்சில், ஒரு மணி நேரம். முன்பெல்லாம் காசுக்குக் கணக்கு பார்த்து நூறு குண்டு சுடுவேன். இப்போது முதல் 15 நிமிடம் குண்டே போடாமல், இலக்கு மாட்டாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரிக்கர் அழுத்துகிறேன். (உங்கள் துப்பாக்கியில் அதற்கு வசதி உண்டா என்று பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.) நடுவட்டம் என்ற ஆசை காட்டுகிற பொருளே இல்லாததால் இழுக்கத் தோன்றாது. அப்புறம் சரிபார்க்க 10 குண்டு, நோட்டில் எழுத 30 குண்டு. திரையைப் பார்க்கும் முன் எங்கே பட்டிருக்கும் என்று எழுதுவேன், பிறகு நிஜத்தை எழுதுவேன். இரண்டும் ஒத்துப்போனால் மார்க் குறைவானாலும் அது நல்ல குண்டு. 8 வினாடிக்குள் சுட முடியவில்லையா, கையை இறக்கிவிட வேண்டும். இதைப் பழகத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் 60 குண்டுக்கு 630.7 எடுத்தார். குண்டுக்குச் சராசரி 10.5, அதிகபட்சமே 10.9. ஆனாலும் பத்தாவது இடம். இறுதிச்சுற்றுக்கு எட்டுப் பேர்தான். அவ்வளவு உயரத்திலும் யாருக்கும் எல்லாம் நடுவில் விழுவதில்லை.

எனக்கு இப்போதும் கை ஆடுகிறது. ஆனால் நோட்டில் ஏழுகள் அபூர்வமாகிவிட்டன.

ஒன்று மறந்துவிடாதீர்கள். பெல்லட் ஈயம். ஸ்டேஷனில் வடை வாங்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.