மரண வீட்டைத் தேடி வரும் விசாரணையாளர்

குருவிகுளம் போன்றதொரு சிற்றூரில் ஒருவர் மவ்த்தாகிவிட்டார் என வைத்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து, முன்பின் அறியாத ஒருவர் கோப்புடன் பேருந்திலிருந்து இறங்குகிறார். தேநீர்க் கடையில் அமர்ந்து, "எத்தனை நாள் படுக்கையில் இருந்தார்?" என்று மெல்ல விசாரிக்கிறார். அவர்தாம் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணையாளர். (காப்பீடு கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

எல்லா இறப்புக்கும் இவர் வருவதில்லை. பாலிசி எடுத்து மூன்றாண்டு நிறையுமுன் மரணம் நேர்ந்தால்தான் பெரும்பாலும் வருவார். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி, மூன்றாண்டு கடந்த ஆயுள் பாலிசியை எக்காரணம் கொண்டும் நிறுவனம் கேள்விக்குள்ளாக்க இயலாது. அதற்குள் என்றால், நோயை மறைத்தாரா, வயதைக் குறைத்தாரா என்று துருவலாம். ஆகவேதான் மருத்துவமனைப் பதிவேடு, மருந்துக்கடை ரசீது, பள்ளிச் சான்றிதழ் என்று தேடி அலைகிறார்.

இந்த அலைச்சல் வீண் என்று எண்ணிவிடாதீர்கள். திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டையில் 2025 அக்டோபரில், அரசுப் பள்ளி ஆய்வக உதவியாளர் ஒருவர் வீட்டில் பாம்பு கடித்து இறந்தார். முதலில் அது விபத்தாகவே கருதப்பட்டது. ஆனால் அவர் பெயரில் சுமார் 3 கோடி ரூபாய்க்குக் காப்பீடு இருந்தது நிறுவனத்தின் கண்ணை உறுத்தியது. புகார் காவல்துறைக்குச் சென்றது. டிசம்பரில், பெற்ற மகன்கள் இருவர் உள்ளிட்டோர் கைதாயினர். பாம்பைக் கொண்டுவந்து தந்தையைக் கடிக்கச் செய்தனர் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு, தீர்ப்பு நீதிமன்றத்துக்குரியது.

இனி, நம் தெருவுக்கு வருவோம். "பாவம், இத்தாவில் இருக்கும் பெண், சர்க்கரை நோயைச் சொல்லிவிடாதே" என்பார் ஒருவர். "அவருக்குக் குடிப்பழக்கம் உண்டே!" என்று, கண்ணால் காணாததைப் போகிறபோக்கில் சொல்வார் மற்றொருவர். இரண்டையும் விசாரணையாளர் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வார். முதலாவது இரக்கம் போல் தோன்றினும் பொய். இரண்டாவதோ அநாதைகளின் வாயில் மண். என் பார்வையில் பின்னதே கொடிது; ஊரில் மலிந்திருப்பதும் அதுவே!

விசாரணை என்று காலவரையின்றி இழுக்கவும் இயலாது. 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தபடி, விசாரணை தேவைப்படும் இறப்புக் கோரிக்கையை 45 நாட்களுக்குள்ளும் மற்றவற்றை 15 நாட்களுக்குள்ளும் முடிக்க வேண்டும். மோசடி நோக்கமற்ற தவறான தகவலால் மறுக்கப்பட்டால், கட்டிய பிரீமியத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

மறுப்பு நியாயமற்றது எனில், முதலில் நிறுவனத்துக்கே எழுத்து மூலம் முறையிடுங்கள். பயனில்லையேல், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. அப்போது, விசாரணையாளர் வாங்கிச் சென்ற வாக்குமூலங்களின் நகலையும் கேளுங்கள். அதில் உங்கள் அண்டை வீட்டாரின் கையொப்பமும் இருக்கக்கூடும்.