கொட்டிலில் வெள்ளாடு: முதலில் தீவனம், பிறகே ஆடு

மேய்ச்சலுக்கு இடமில்லாத ஊர்களில், வெள்ளாட்டைக் கொட்டிலிலேயே வைத்துத் தழை அறுத்துப் போட்டு வளர்க்க விவசாயிகள் பலர் முன்வருகின்றனர். புறம்போக்கில் வீடுகள் வந்துவிட்டன. அடுத்தவர் வயலில் ஆடு வாய் வைத்தால் சண்டை. எனவே கொட்டில் முறை நல்ல வழிதான். ஆனால் கடன் வாங்கி ஒரே நாளில் 20 ஆடுகளைக் கொண்டுவந்து அடைத்துவிட்டு, அதன்பின் அரிவாளை எடுத்துக்கொண்டு தழை தேடிப் புறப்படுகிறவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் தழை காய்ந்ததும், வந்த விலைக்கு ஆடுகளை விற்றுவிட்டுக் கடனோடு நிற்க நேரிடும். தீவனம் முதல் அறுப்புக்கு வந்த பிறகுதான் ஆடு வாங்க வேண்டும்.

25 கிலோ எடையுள்ள ஓர் ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் தேவை. 10 பெட்டை ஆடுகளுக்கு நாளொன்றுக்கு 40 கிலோ என்றால் ஆண்டுக்கு 14½ டன். குட்டிகளுக்கும் கழிவுக்கும் சேர்த்து 20 டன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு இறவை வசதியுள்ள 25 சென்ட் நிலம் ஒதுக்க வேண்டும். அதில் 15 சென்டில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும், 10 சென்டில் வேலிமசாலும் பயிரிடலாம். வரப்பிலும் வேலியிலும் சவுண்டல் (சுபாபுல்), அகத்தி, கிளைரிசீடியா ஆகிய மரங்களை நூறு வரை நட்டுவிட வேண்டும். கம்பு நேப்பியர் ஏக்கருக்கு ஆண்டில் 150 டன் கொடுக்கும் என்று சொல்வது, எருவும் நீரும் தாராளமாக உள்ள நிலத்துக்குத்தான். நம் கிணற்றை நம்பித் திட்டமிடும்போது அதில் பாதியைக் கணக்கில் கொள்வதே நல்லது.

கம்பு நேப்பியர் கரணைகளை 60 செ.மீ. பாரில் 50 செ.மீ. இடைவெளியில் ஊன்ற வேண்டும். 15 சென்டுக்கு ஏறத்தாழ 2,000 கரணைகள் போதும். 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. வேலிமசால் விதையின் தோல் கடினமானது. கொதித்த நீரை இறக்கி வைத்து, சற்று ஆறியதும் விதையைச் சில நிமிடம் போட்டெடுத்து விதைத்தால் நன்கு முளைக்கும். இது 90 நாளில் முதல் அறுப்புக்கு வரும். முழு நிலத்தையும் ஒரே நாளில் அறுக்காமல், பாத்தி பாத்தியாக முறை வைத்து அறுத்தால் தினமும் தழை கிடைக்கும்.

வெள்ளாடு மாட்டைப் போலக் குனிந்து புல்லை மேயும் பிராணியன்று. தலையை உயர்த்தி, இங்கொரு வாய் அங்கொரு வாய் என்று தழையைக் கடித்துத் தின்னும். காலில் மிதிபட்டதையும், மூத்திரம் பட்டதையும் தொடாது. தழையைத் தரையில் கொட்டினால் பெரும்பகுதி எருக்குழிக்குத்தான் போகும். மரத்தழையைச் சிறு கட்டுகளாகக் கட்டி, ஆட்டின் தலை உயரத்தில் தொங்கவிட வேண்டும். புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தொட்டியில் இட வேண்டும். வெறும் புல்லை மட்டும் போட்டால் குட்டிகள் தேறா. பாதி புல், பாதி வேலிமசாலும் மரத்தழையும் என்று கலந்து கொடுப்பது நல்லது. மழையில் நனைந்த இளந்தழை வயிறு உப்பச் செய்யும். அதை நிழலில் பரப்பி வாடவிட்டுப் போட வேண்டும்.

மேய்ச்சலில் ஆடு பார்த்துப் பார்த்துத் தின்கிறது. கொட்டிலில் நாம் போடுவதைத்தான் தின்ன வேண்டும். ஆகவே நஞ்சைப் பற்றிய கவனம் நமக்குத்தான் தேவை. பூக்காத இளஞ்சோளமும், மழையின்றி வாடி மறுபடி துளிர்த்த சோள மறுதாம்பும் ஆட்டைச் சில நிமிடங்களில் சாய்த்துவிடும். மரவள்ளித் தழையைப் பச்சையாகப் போடவே கூடாது; நன்கு வெயிலில் காயவைத்த பிறகு கொஞ்சமாகப் போடலாம். சவுண்டல் சத்து மிகுந்த தழைதான். ஆனாலும் அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உள்ளதால், மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. மீறினால் ரோமம் கொட்டும், எடை குறையும். தின்ற ஆடு மூச்சுத் திணறிச் சாய்ந்தால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

பங்குனி, சித்திரையில் பசுந்தழை குறையும். அதற்காக நிலக்கடலைக் கொடி, உளுந்தம்பொட்டு ஆகியவற்றை மழை படாமல் போர் போட்டு வைக்க வேண்டும். வெள்வேல், கருவேல் காய்கள் உதிரும் காலமும் அதுவே. பொறுக்கி மூட்டை கட்டி வைத்தால் கைகொடுக்கும்.

தழை அறுத்துச் சுமந்து வருவது தினமும் இரண்டு மணி நேர வேலை. பெரும்பாலான வீடுகளில் இது பெண்களின் தலையில்தான் விழுகிறது. ஆட்டுக் கணக்கு எழுதுவோர் இந்தக் கூலியை எழுதுவதே இல்லை. எழுதிப் பார்த்தால், தீவனத்தைக் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே வளர்க்க வேண்டியதன் அவசியம் புரியும்.

ஐந்தாறு ஆடுகளுக்குப் பரண் தேவையில்லை. நீர் தேங்காத மேட்டில், ஆடு ஒன்றுக்கு 10 முதல் 15 சதுர அடி கிடைக்கும்படி கூரைக் கொட்டில் போட்டால் போதும். அடைமழைப் பகுதியில் மட்டும் பரண் செலவு நியாயமானது. ஒரே இடத்தில் நிற்கும் ஆட்டின் குளம்பு தேயாமல் வளர்ந்து கோணும்; இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீவிவிட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்குத் தடுப்பூசி அவசியம்.

மேய்ந்து பழகிய ஆட்டை வாங்கினால் உடனே முழுநேரம் அடைக்கக் கூடாது. முதல் வாரம் அரை நாள் மட்டும் அடைத்து, புதிய தழையைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். முதல் ஆண்டில் ஐந்து பெட்டையும் ஒரு கிடாவும் போதும். சினைக்காலம் ஐந்து மாதம். முதல் ஈற்றுக் குட்டிகள் தாய்ப்பால் மறந்து தழைக்கு வரும்போது, பாத்தியில் அறுக்காத புல் மிச்சம் நிற்கிறதா என்று பார்த்து, அதன்படி அடுத்த ஆட்டை வாங்கலாம்.