ஆய்வகத்தில் ரத்தம்



ஆவுடையார்கோவிலில் அவசரமாக ரத்தம் தேவைப்பட்டால் அறந்தாங்கிக்கோ புதுக்கோட்டைக்கோ போன் பறக்கும். கொடுக்க ஒரு மனிதர் வேண்டுமே! ரத்தத்தை ஆய்வகத்திலேயே வளர்த்துவிட முடியாதா?

நம் எலும்பு மஜ்ஜையிலுள்ள ரத்தக் குருத்தணுக்களின் வேலையால் வினாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. சிவப்பணுவை வளர்ப்பது ஓரளவு கைவந்துவிட்டது. 2022இல் இங்கிலாந்தில், கொடையாளரின் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த சிவப்பணுக்களை மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அளவு? ஒன்றிரண்டு தேக்கரண்டிதான்!

குருத்தணுவையே உருவாக்குவதுதான் பெரும்பாடு. சாதாரண உடலணுவைக் கருநிலைக்குத் திருப்பும் வித்தையை ஜப்பானின் யமனாகா 2006இல் எலியின் அணுக்களில் காட்டினார். 2012இல் நோபல் பரிசும் பெற்றார். அப்படித் திருப்பிய மனித அணுக்களிலிருந்து மெல்போர்ன் மர்டாக் ஆய்வு நிலையத்தினர் 2024இல் ரத்தக் குருத்தணுக்களை வளர்த்தார்கள். எலிகளின் மஜ்ஜையில் அவை குடியேறி, ரத்தம் உண்டாக்கின. மனிதருக்கு இன்னும் செலுத்தவில்லை.

நம்மூர் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவரின் சொந்தக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, ரத்தம் உறையத் தேவையான மரபணுவைச் சேர்த்து, திரும்ப உடலில் செலுத்தினார்கள். அந்த முடிவு 2024இல் வெளியானது. ஐவருக்குமே ரத்தக்கசிவு நின்றிருந்தது. சின்ன விஷயமா இது?

ஆய்வகக் குருத்தணு கைக்கு வரும்வரை கொடையாளர்தான் கதி. குருத்தணுக் கொடைக்குச் சென்னையின் தாத்ரி அமைப்பில் பெயர் பதியலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி எடுப்பார்கள். ஊசி கிடையாது.